சர்வேயர் காரின் முன்கண்ணாடி

அந்தக் கடையில் பேச்சு முழுவதும் அண்ணிக்கு, மௌனம் முழுவதும் மடந்தைக்கு, வேலை மட்டும் இருவருக்கும் சரிபாதி என்று யாரோ பாகம் பிரித்துக் கொடுத்தது போலிருக்கும். பேசாமடந்தை என்று பெயர் வைத்ததே அண்ணிதான். மடந்தையின் அண்ணனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே வைத்தாள். நாளாக நாளாகப் பெயரின் முன்பாதி தேய்ந்து, மடந்தை என்பது மட்டும் மிஞ்சியது. வாடிக்கையாளர்கள் அதுதான் அவளுடைய உண்மையான பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் நெடுந்தூர லாரி ஓட்டுபவன். வீட்டில் இருக்கும் நாட்களைவிடச் சாலையில் இருக்கும் நாட்கள் அதிகம். அவனுடைய லாரிக்கு முன்கண்ணாடி மாற்றியபோது கூடவே நின்று பார்த்ததில்தான் இந்தப் பெண்கள் இருவருக்கும் தொழில் பிடிபட்டது. இப்போது கடைக்கு முன்னால் இரண்டு வண்டி நிற்க இடம், உள்ளே கண்ணாடிகளைச் செங்குத்தாக அடுக்கும் மரச்சட்டம், மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை, டீ போட ஒரு அடுப்பு. அவ்வளவுதான் கடை.

அன்றைக்கு வந்த கார் தரையோடு தரையாக வந்தது. இரண்டே இருக்கை. ஒரு காலத்தில் ரத்தச் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். வெயில் குடித்துக் குடித்துச் செங்கல் நிறமாக்கியிருந்தது. நீளமான மூக்கு, படுத்த மாதிரி சாய்ந்த முன்கண்ணாடி. என்ஜின் மட்டும் இளவட்டம்போல உறுமியது.

"இதுக்குள்ள உக்காரணுமா, படுக்கணுமா?" என்றாள் அண்ணி.

கதவு திறந்தது. நரைத்த தலை ஒன்று முதலில் வெளியே வந்து, பிறகு கை, பிறகு முழங்கால் என்று தவணை முறையில் ஒரு மனிதர் இறங்கினார். உயரமானவர். எப்படி அவ்வளவு உயரத்தையும் அந்தக் காருக்குள் மடித்து வைத்திருந்தார் என்று மடந்தைக்கு ஆச்சரியமாக இருந்தது.

"விரிசல் விட்டிருக்கும்மா," என்றார் அவர். "அது மேல ஓடாம நிறுத்திக் குடுத்தா போதும். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து வண்டிய எடுத்துட்டுப் போறாரு. அதுவரைக்கும் தாங்கணும்."

"விக்கிறீங்களா சார்? இவ்வளவு அழகான வண்டிய?"

"எனக்கு இனிமே எதுக்கு?"

அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர் என்பதும், சர்வேயர் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும் என்பதும், இந்தக் கார் அவர் வாழ்க்கையில் செய்த ஒரே கிறுக்குத்தனம் என்பதும் டீ கொதிப்பதற்குள் அண்ணிக்குத் தெரிந்துவிட்டன. மற்ற சர்வேயர்கள் ஜீப்பில் போவார்களாம். இவர் மட்டும் இந்தக் காரில், கல்குவாரிக்கும் புதிய சாலை போடும் இடத்துக்கும், ஜல்லி ஏற்றிய லாரிகளின் பின்னாலேயே போவாராம். பின்னால் கட்டியிருந்த அளவைக் கருவியின் மூன்றுகால் தாங்கி ரோட்டில் உரசுமாம்.

"சிரிக்காத ஆளில்லம்மா. ஆனா இதுல ஏறி உக்காந்தா எனக்கு வயசு குறையும்."

மடந்தை அதற்குள் காரை நிழலுக்குத் தள்ளியிருந்தாள். விரிசல் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் பிறந்து, ஓட்டுபவரின் முகத்தை நோக்கி வளைந்து ஏறியிருந்தது. விரிசலுக்கு வெயிலும் ஆகாது, குளிர்ந்த தண்ணீரும் ஆகாது. இரண்டில் எது பட்டாலும் பயந்த முயல்போல ஓடும். கண்ணாடியின் சூடு தணியும்வரை அவள் காத்திருந்தாள். இந்தக் காத்திருப்புதான் தொழிலில் அவளுக்கு மிகவும் பிடித்த பகுதி. யாரும் அப்போது அவளிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை.

முன்கண்ணாடி ஒரு கண்ணாடி அல்ல, இரண்டு. நடுவில் மெல்லிய ஒரு படலம் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். விரிசல் வெளிக் கண்ணாடியில் மட்டும்தான் இருந்தது. அதன் நுனிக்குச் சற்று முன்னால், வெளிக் கண்ணாடியில் மட்டும் நுண்ணிய ஒரு துளை போட்டாள். ஓடி வந்த விரிசல் அந்தத் துளையில் வந்து நின்றது. பிறகு சின்னக் குழாயைப் பொருத்தி, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, தேன் போன்ற பிசினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். பிசின் விரிசலுக்குள் மெல்ல நடந்துபோவதைப் பார்ப்பது, தாகமெடுத்த மண்ணில் தண்ணீர் இறங்குவதைப் பார்ப்பது போலிருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அலுக்காது.

துடைக்கும்போது துணி சிக்கியது. அவள் நகத்தால் மெல்லத் தடவினாள். கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகக் குழிகள். அம்மை வடு போல. நிழலில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரலுக்கு மட்டும் தெரிந்தது.

"இதை மாத்திடலாமே," என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"வேண்டாம்மா," என்றார் சர்வேயர். "வாங்குறவர் மாத்திக்கட்டும். எனக்கு எப்படி இருந்தா என்ன?"

பிசினைக் கெட்டிப்படுத்தும் விளக்கை அவள் பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தாள். சர்வேயர் முக்காலியிலிருந்து எழுந்தார். கண்களை மூடிக்கொண்டார். ஒரு கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, தண்ணீர்ப் பானையை நோக்கி நடந்தார். மரச்சட்டத்தில் விரல் பட்டதும் அதைத் தொட்டுக்கொண்டே திரும்பி, பானையைத் தடவி, குவளையை எடுத்து, மொண்டு குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு கண்ணைத் திறந்தார்.

அண்ணி மடந்தையின் காதோரம் வந்தாள். "தூக்கத்துல நடக்குறாரா? இல்ல, காலைலயே ஏதாவது போட்டுட்டு வந்துட்டாரா?"

அண்ணி பக்கத்துக் கடைக்குச் சில்லறை மாற்றப் போனாள். கடையில் அவர்கள் இருவரும்தான். மடந்தை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வேயர் மடந்தையின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில மௌனங்களில் ஆள் நெளிவான். சில மௌனங்களில் ஆள் சாய்ந்து உட்காருவான். இது இரண்டாவது வகை. அதில் சாய்ந்துதான் அவர் பேசத் தொடங்கியிருக்க வேண்டும்.

"பழகிக்கிறேன்," என்றார். "பானை எங்க இருக்கு, கதவு எங்க இருக்குன்னு. வீட்ல எல்லாம் பழகியாச்சு. புது இடத்துலயும் முடியுதான்னு பாத்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க அப்பாவுக்கு இந்த வயசுலதான் பார்வை போச்சு. முதல்ல சாயங்கால வெயில்ல கண்ணு கூசுதுன்னு சொன்னாரு. வெளிச்சமெல்லாம் பூப்பூவா வெடிக்குதுன்னு சொன்னாரு. அப்புறம் ஒவ்வொண்ணா எல்லாம் போச்சு. இப்போ எனக்கும் ஆரம்பிச்சிடுச்சு."

"டாக்டர்..."

"போகல. போய் அவர் வாயால சொல்லிட்டா அது நிஜமாயிடும். வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீயும் சொல்லிடாதே." பிறகு லேசாகச் சிரித்தார். "உன்கிட்ட சொன்னா வெளிய போகாதுன்னு உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

தினமும் சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு மேற்கே ஏரிக்கரைவரை போய் வருவது அவருடைய வழக்கம். அந்தப் பயணத்தில்தான் முதன்முதலாக அது வந்தது. சூரியன் எதிரே இறங்கும்போது ஆயிரம் நட்சத்திரம் வெடித்து, சாலை மறைந்துபோனது. சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை மயிரிழையில் தவிர்த்தார். இரவில் எதிர்வரும் வண்டிகளின் விளக்கிலும் அதே பூக்கள். அன்றோடு சாயங்காலப் பயணத்தை விட்டார். வீட்டில் மாலையானால் திரைச்சீலைகளை இழுத்துவிடுவார்.

"பயம்மா. அது அடுத்த கட்டத்துக்குப் போயிருக்குமோன்னு பாக்கவே பயம்."

மடந்தையின் விரலுக்குக் கீழே அந்தக் கண்ணாடி சொரசொரத்தது. சாயங்காலம், எதிர் சூரியன், காருக்குள். மூன்றும் ஒரே கோட்டில் நின்றன. ஆனால் கண்ணாடி வேலை செய்கிறவளுக்கு எல்லாமே கண்ணாடியாகத்தான் தெரியும். ஒருவேளை அவர் சொல்வதுதான் உண்மை என்றால்? ஏற்கெனவே மனதைத் தயார்செய்துகொண்ட மனிதனுக்கு நம்பிக்கையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்குவதா? பேசத் தெரிந்தவர்களுக்கே இது கஷ்டம்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கண்ணாடியையும் வெளியிலிருந்து பார்த்து முடிவு சொல்லமாட்டாள். ஓட்டுபவரின் இருக்கையில் உட்கார்ந்து, சூரியனை எதிரே வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பாள். அண்ணி அதைத் தியானம் என்று கேலி செய்வாள். இப்போது சூரியன் தலைக்கு நேர் மேலே நின்றது. அது இறங்கி வரவேண்டும்.

"சாயங்காலம் வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்," என்றாள். "பிசின் இறுகணும்."

சில்லறையோடு உள்ளே நுழைந்த அண்ணி அதைக் கேட்டு ஒரு கணம் நின்றாள். விளக்குக்குக் கீழே பிசின் இறுகுவதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும் என்பது அவளுக்குத் தெரியும். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன படித்தாளோ.

"ஆமா சார்," என்று ஆரம்பித்தாள். "பிசின்னா லேசுப்பட்டதா? உங்க வண்டிக்குப் போட்டது உசத்தி ரகம். இது சாயங்காலம் ஆகாம மசியவே மசியாது. எங்க வீட்டுக்காரர் மாதிரி."

சர்வேயர் சிரித்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். போகும்போது பாதி வழி கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்.

"என்னடி விஷயம்?" என்றாள் அண்ணி.

"அப்புறம் சொல்றேன்."

"நீ எப்போ அப்புறம் சொல்லியிருக்க, இன்னைக்குச் சொல்ல?"

அவர் திரும்பி வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம் என்று சொல்லி, மடந்தை ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தாள். தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் பக்கத்து இருக்கையில் தன்னை மடித்து வைத்துக்கொண்டார். கடைக்குப் பின்னால் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சாலை நேராக மேற்கே போகும். அந்த நேரத்தில் வண்டி நடமாட்டம் இருக்காது. அவள் அந்தச் சாலைக்கு மெல்லத் திருப்பி, ஓரமாக நிறுத்தினாள். சர்வேயர் ஏற்கெனவே கண்களை இறுக மூடியிருந்தார்.

"எதுக்கும்மா இந்தப் பக்கம் வந்த?"

அவள் என்ஜினை அணைத்தாள். சூரியன் கிடங்குக் கூரையின் விளிம்பில் இருந்தது.

முதலில் ஒன்றுதான். கண்ணாடியின் கீழ் ஓரத்தில், ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி எரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. அதற்கு மேலே மூன்று நான்கு. சூரியன் கூரையைவிட்டு நழுவியதுதான் தாமதம், கண்ணாடி முழுவதும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது.

மடந்தை மூச்சுவிட மறந்தாள்.

சாலை இல்லை. கிடங்குகள் இல்லை. அவளுக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு வானம் முளைத்திருந்தது. ஒவ்வொரு குழியும் ஒரு நட்சத்திரம்; நடுவில் வெள்ளை, அதைச் சுற்றி நூலளவு நீலம், அதற்கு வெளியே கருஞ்சிவப்பு. பெரிய குழிகள் கதிர்களை நாலா பக்கமும் வீசின. அவற்றுக்கு இடையே மணல் உரசிய பொடிக்கீறல்கள் பாலைக் கொட்டியதுபோலப் பரவிக் கிடந்தன. அவள் தலையைக் கடுகளவு அசைத்தாள். வானம் முழுவதும் அசைந்தது. சில நட்சத்திரங்கள் அணைந்தன, வேறு சில பிறந்தன. காலையில் அவள் அடைத்த விரிசல் மட்டும் அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு மெல்லிய இருண்ட ஆறாக, அமைதியாகக் கிடந்தது.

குழி விழுந்த கண்ணாடிகளை அவள் எவ்வளவோ பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பழுது என்றே பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றை, இவ்வளவு படுத்த கண்ணாடியில், இவ்வளவு தாழ உட்கார்ந்து, பார்த்ததில்லை. ஜல்லி லாரிகள் வீசிய ஒவ்வொரு கல்லும், குவாரிக் காற்று அள்ளி வந்த ஒவ்வொரு மணலும், இந்த மனிதர் போன ஒவ்வொரு சாலையும் வந்து மோதி, மோதிய இடத்தில் தன் அடையாளத்தை விட்டுப் போயிருந்தன. பகல் முழுவதும் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, வெளிச்சம் சாய்ந்து வரும் கொஞ்ச நேரத்தில் மட்டும் எழுந்து நின்றன. அவளுக்குக் கும்பிட வேண்டும்போலக்கூட இருந்தது.

அப்புறம்தான் பயம் வந்தது. இதைத்தான் ஒரு மனிதர் அந்தச் சாயங்காலம் பார்த்திருக்கிறார். தனக்குள் நடப்பதாக நினைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்.

"எப்படி இருக்கு வெளிய?" என்றார் சர்வேயர், கண்ணைத் திறக்காமல். குரலில் ஓர் ஏக்கம். "ரோடு நல்லா தெரியுமே இந்த நேரத்துல. வெயில் தங்கமா இருக்கும்."

"ரோடு தெரியல."

"என்ன?"

"பூவா வெடிக்குது." அவளுக்கு வார்த்தை திக்கியது. இவ்வளவு பேசிப் பழக்கமில்லை. "நட்சத்திரம். முழுக்க. நடுவுல வெள்ளை, சுத்தி நீலம். ஓரத்துல சிவப்பு."

அவர் மூச்சை இழுப்பது கேட்டது.

"எனக்கும் தெரியுது சார்," என்றாள் மடந்தை.

என்ஜின் ஆறும் சத்தம் மட்டும் டிக், டிக்கென்று கேட்டது. பிறகு சர்வேயர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். நட்சத்திரங்களைப் பார்த்தார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் நட்சத்திரங்களைப் பார்த்தார்.

"நிஜமாவா?"

"இறங்கிப் பாருங்க."

"வேண்டாம்மா."

"இறங்குங்க."

"வெளியவும் அப்படியே தெரிஞ்சா?"

அவள் இறங்கி, சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மௌனம் எத்தனை பிடிவாதமானது என்று அண்ணியைக் கேட்டால் சொல்வாள். சர்வேயர் கை, கால், முழங்கால் என்று வெளியே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்த பிறகும் கண் மூடியே இருந்தது. இப்போது அவர் கண் திறந்து என்ன சொல்வாரோ, அதோடு எல்லாம் முடிந்தது.

அவர் கண்ணைத் திறந்தார்.

சூரியன் சாலையின் கோடியில் உருண்டையாக நின்றது. அவர் அதைப் பார்க்காமல், அதற்குக் கீழே பார்த்தார். அசையவே இல்லை.

"கம்பம்," என்றார் கடைசியில், மெல்லிய குரலில். "அதுக்கு அடுத்து ஒரு கம்பம். அதுக்கு அடுத்தது கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சிருக்கு. யாரோ லாரியால இடிச்சிருக்கான். அதுக்கு அந்தாண்ட ஒரு நாய் படுத்திருக்கு. அதுக்கும் அந்தாண்ட..." குரல் உடைந்தது. "கடைசிக் கம்பத்துக் கம்பியில பறவை உக்காந்திருக்கும்மா. வால் ஆட்டுது."

மடந்தை பார்த்தாள். அவளுக்குப் பறவை தெரிந்தது, வால் தெரியவில்லை.

சர்வேயர் குனிந்து காருக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தார். மறுபடியும் உள்ளே விட்டார். கண்ணாடிக்கு உள்ளே நட்சத்திரம், கண்ணாடிக்கு வெளியே சாலை. நட்சத்திரம், சாலை. ஒளிந்து விளையாடும் குழந்தைபோல அந்த உயரமான மனிதர் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். பிறகு கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எங்க தொழில்ல முதல் பாடம் என்ன தெரியுமா? கணக்கு இடிச்சா முதல்ல கருவிய சந்தேகப்படு. லென்ஸைத் தொடை, மட்டம் பாரு, அப்புறம்தான் மத்ததெல்லாம். எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஆனா இதை நான் கருவியாவே நெனக்கல பாரு. இதுக்கு அந்தாண்ட இருக்கிறதைத்தானே பாத்துட்டிருந்தேன்."

அவர் காரின் மூக்கில் உட்கார்ந்தார். மடந்தையும் உட்கார்ந்தாள். கடைசிக் கம்பம்வரை சாலை பொன்னாகக் கிடந்தது. சூரியன் அணையும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேடிக்கொண்டு அண்ணி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். "வண்டி நின்னுடுச்சா? ஆள் விழுந்துட்டாரா? எனக்கு உசுரே போச்சு. நீங்க ரெண்டு பேரும் இங்க வானத்த அளந்துட்டு உக்காந்திருக்கீங்க!"

விஷயத்தைச் சர்வேயரே சொன்னார். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கியதை மறைக்கக் குரலை உயர்த்தினாள்.

"நல்லா இருக்கு சார் கதை! சரி, கேட்டுக்கோங்க. புதுக் கண்ணாடி நாங்க தேடிப் பிடிக்கிறோம். ஆனா நீங்க கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாதான் மாட்டுவோம். நாங்க பாக்குறது கார் கண்ணாடி. உங்க கண்ணுக்குள்ள எட்டிப் பாக்க எங்களுக்குத் தெரியாது."

"இப்போதான் நல்லா தெரியுதே..."

"அப்பாவுக்கு வந்தது உங்களுக்கு வராதுன்னு இந்த நாய் வந்து சொல்லிச்சா? போயிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கார் வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். கண்ணாடி கிடைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அந்த ரகக் கார் தயாரிப்பது நின்று வெகுகாலமாகியிருந்தது. அண்ணி தொலைபேசியில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி, எங்கோ ஒரு பழைய கிடங்கில் பிரிக்காத பெட்டியில் ஒன்று கிடப்பதைக் கண்டுபிடித்தாள். அண்ணனே திரும்பும் வழியில் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இறக்கும்போது பச்சைப் பிள்ளையைப் போலத் தூக்கிக் கொடுத்தான்.

பெட்டியைப் பிரித்த அன்று சர்வேயர் வந்தார். கூடவே குள்ளமாக, வேகமாக நடக்கும் ஓர் அம்மாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள் அண்ணி, வாங்க என்றுகூடச் சொல்லாமல்.

"ரெண்டு கண்ணுலயும் கொஞ்சம் புரை ஆரம்பிச்சிருக்காம். வயசுக்கு வர்றது. வேணும்னா பின்னாடி எடுத்துக்கலாமாம். அப்பாவுக்கு வந்தது..." அவர் எச்சில் விழுங்கினார். "அது இல்லையாம். உள்ள வரைக்கும் விளக்கு அடிச்சுப் பாத்தாங்க. ஓட்டலாமான்னு கேட்டேன். ஓட்டுங்கன்னுட்டாரு. வருஷா வருஷம் வந்து காட்டணுமாம்."

"இவர் ராத்திரியில எழுந்து சுவத்தத் தடவிட்டு நடக்கிறதைப் பாத்து நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றாள் அந்த அம்மாள். "சக்கர வியாதிக்காரரு, மிட்டாய் திருடப் போறாருன்னு நெனச்சேன். டப்பாவ மாத்தி மாத்தி ஒளிச்சு வச்சு, கடைசியில எங்க வச்சேன்னு எனக்கே தெரியல. கண்ணு தெரியாமப் போயிடும்னு பயந்தாராம்! என்கிட்ட சொல்லல. ஒரு கார்க் கண்ணாடிக்காரிகிட்ட சொல்லியிருக்காரு."

"நீ கத்துவ," என்றார் சர்வேயர்.

"கத்தத்தான் செய்வேன்!"

மடந்தை வேலையைத் தொடங்கியிருந்தாள். பழைய கார், கண்ணாடியைப் பசை பிடிக்கவில்லை, சுற்றிலும் ஒரு ரப்பர் பட்டைதான் பிடித்துக்கொண்டிருந்தது. காய்ந்து இறுகிய ரப்பரின் உதட்டைக் கத்தியால் அறுத்து, உள்ளே படுத்துக்கொண்டு, இரண்டு பாதங்களாலும் மெல்ல உந்தினாள். கண்ணாடி முனகிக்கொண்டே அண்ணியின் கைகளில் இறங்கியது. அதைக் கொண்டுபோய்க் கடைக்கு வெளியே, மேற்குப் பக்கத்துக் கம்பத்தில் சாய்த்து வைத்தார்கள்.

புதுக் கண்ணாடிக்குப் புது ரப்பர் மாட்டி, ரப்பரின் பள்ளத்துக்குள் ஒரு கயிற்றைச் சுற்றிலும் பதித்தார்கள். சோப்புத் தண்ணீர் தடவினார்கள். அண்ணி வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்தினாள். மடந்தை உள்ளிருந்து கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தாள். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு காரின் தகட்டு விளிம்பின்மேல் மடிந்து ஏறி உட்கார்ந்துகொண்டே போனது. இந்த ஒரு வேலையின்போது மட்டும் அண்ணி பேசமாட்டாள். ஒருத்தி அழுத்தும் இடத்தில்தான் அடுத்தவள் இழுக்க வேண்டும். விரலளவு தப்பினாலும் கண்ணாடி பிளந்துவிடும். கண்ணாடியின் இரு பக்கமும் இரண்டு பெண்கள், கையோடு கை வைத்ததுபோல, ஓரத்தைச் சுற்றி வந்தார்கள். சர்வேயரின் மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசி முழம் கயிறு வெளியே வந்து, மூலை பொத்தென்று உட்கார்ந்தது.

"வந்துடுச்சு!" என்று அண்ணி கூவினாள்.

சாயங்காலமாகியிருந்தது. சர்வேயர் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஏறினாள், ஏறும்போதே, "என்ன கருமம் இது, கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி," என்று திட்டிக்கொண்டு. கார் கிடங்குச் சாலைக்குத் திரும்பி, சூரியனுக்கு நேர் எதிரே போய், சிறிது தூரத்தில் நின்றது.

மடந்தை அங்கேயே நின்று பார்த்தாள். காரின் பின்புறமும் இரண்டு தலைகளும் தெரிந்தன. ஒரு தலை இப்படியும் அப்படியும் மெல்ல அசைந்தது, எதையோ தேடுவதுபோல. பிறகு அசைவது நின்றது. ஒரு கை கதவுக்கு வெளியே நீண்டு, ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டியது. கம்பம். கம்பம். சாய்ந்த கம்பம். மனைவியின் தலை அந்தக் கையின் திசையில் ஒவ்வொரு முறையும் திரும்பியது. இங்கிருந்து அவளுடைய குரல் கேட்கவில்லை.

பிறகு என்ஜின் உறுமியது. கார் மேற்கே, ஏரியை நோக்கி, சூரியனுக்குள் நுழைவதுபோலப் போய் மறைந்தது.

மடந்தை கைகளைத் துடைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். அண்ணியின் சத்தமே இல்லை. அது வழக்கமில்லை. அவள் கடைக்கு வெளியே, கம்பத்தில் சாய்த்து வைத்த பழைய கண்ணாடியின் பின்னால், தரையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். உடைத்துக் குப்பையில் போடச் சுத்தியலோடு போனவள். சுத்தியல் மடியில் கிடந்தது. இறங்கும் சூரியன் கண்ணாடியின் வழியே வந்து, அவள் முகம் முழுவதும், கழுத்திலும் கைகளிலும், பொடிப்பொடியாக வெளிச்சத்தை இறைத்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

மடந்தை பக்கத்தில் போய்க் குந்தினாள். அண்ணி திரும்பவில்லை. மடந்தையின் கையை மட்டும் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றாள் மடந்தை, சிறிது நேரம் கழித்து. "ஏதாவது பேசுங்க."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள்.